சித்தியும் கறுப்பு ஜன்னலும்

"ஃபைனல் இயர் முடியறதுக்குள்ள ஒரு கட்டுரையாவது கொடு"ன்னு எடிட்டோரியல் டீம்ல மூணு மாசமா கேட்டுட்டே இருந்தாங்க. நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல பரீட்சையைத் தவிர வேற எதுவும் எழுதினதில்லை. அதனால எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ஆனா இந்தக் கதை முழுக்கத் தமிழ்லதான் நடந்தது. இங்கிலீஷ்ல எழுதிப் பார்த்தேன், சரியா வரல.

எங்க சித்தி ஊர்ல பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு நெட் சென்டர் வச்சிருக்காங்க. மூணு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின். ஹால் டிக்கெட் பிரிண்ட், வருமானச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப் ஃபார்ம்னு தினமும் கூட்டம் இருக்கும். டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்தா கடையில நிக்க இடம் இருக்காது. அங்கே நடக்கிற வேலையில பாதி என்ன தெரியுமா? போட்டோவைச் சின்னதாக்குறது. போட்டோ 20 கேபியில இருந்து 50 கேபிக்குள்ள இருக்கணும். கையெழுத்து 10 கேபியில இருந்து 20 கேபிக்குள்ள. 51 கேபி இருந்தாலும் வெப்சைட் ஏத்துக்காது. சித்தி அதை பெயின்ட்ல திறந்து, அளவைக் குறைச்சு, சேவ் பண்ணி, எத்தனை கேபின்னு பார்த்து, மறுபடி குறைச்சு... ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும்.

நான் செகண்ட் இயர் படிக்கும்போது இதைப் பார்த்துட்டு "நான் ஒரு டூல் எழுதித் தரேன் சித்தி"ன்னு சொன்னேன். பைதான்ல எழுதினேன். ஐடியா ரொம்ப சிம்பிள். ஜேபெக் படத்தைச் சேவ் பண்ணும்போது தரம்னு ஒரு நம்பர் கொடுக்கலாம். நம்பர் குறைஞ்சா ஃபைல் சைஸ் குறையும். 95ல இருந்து ஒவ்வொண்ணா இறங்கிப் பார்க்கிறதுக்கு பதிலா, டேட்டா ஸ்ட்ரக்சர் கிளாஸ்ல படிச்ச பைனரி சர்ச்சைப் போட்டேன். அதிகபட்சம் ஏழு முயற்சியில சரியான சைஸ் கிடைச்சுடும். ஒரு ஃபோல்டர் பேரைக் கொடுத்தா உள்ளே இருக்கிற எல்லாப் படத்தையும் முடிச்சுடும். கையெழுத்துன்னா கமாண்டோட கடைசியில ஹைபன் எஸ் போடணும். அப்போ படத்தை அகலமா, உயரம் கம்மியா மாத்தி 20 கேபிக்குள்ள கொண்டு வரும். நாற்பது படம், சில செகண்ட் வேலை. நான் வாங்கின எந்த மார்க்கும் அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

வேலை முடிஞ்சதும் அந்த டூல் ஒண்ணும் சொல்லாது. அமைதியா அடுத்த வரிக்கு வந்து நிக்கும். அதை நான் வேணும்னேதான் அப்படி வச்சேன். யூனிக்ஸ்ல நல்ல டூல்னா அப்படித்தான் இருக்கணும்னு எங்கேயோ படிச்சிருந்தேன்: சொல்ல வேண்டியது எதுவும் இல்லைன்னா வாயை மூடிக்கிட்டு இரு.

அந்தக் கடைசி நாள்

அந்த வருஷம் விண்ணப்பிக்கக் கடைசி நாள். பகல் முழுக்க வெப்சைட் திணறிட்டு இருந்தது. நிறைய பேர் சர்டிபிகேட் ஜெராக்ஸையும் ஃபோன் நம்பரையும் கொடுத்துட்டு, "அக்கா, நைட் சர்வர் கிடைக்கும்போது நீங்களே போட்டுடுங்க, எங்களுக்குப் பஸ் போயிடும்"னு கிளம்பிட்டாங்க. சித்தி அவங்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தாங்க.

சாயங்காலம் சித்தி முதல்ல கையெழுத்து ஃபோல்டருக்கு டூலை ஓட்டியிருக்காங்க. அடுத்தது போட்டோ. மேல் அம்புக்குறியை அழுத்தினா பழைய கமாண்ட் வரும்னு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதே மாதிரி பழைய கமாண்டை வரவச்சு, ஃபோல்டர் பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. ஹைபன் எஸ் அப்படியே இருந்துடுச்சு. என்டர் தட்டினதும் வழக்கம்போல ஒண்ணும் சொல்லல. கடையில கூட்டம், ஓடிச்சா இல்லையான்னு சந்தேகம். இன்னும் ரெண்டு தடவை தட்டியிருக்காங்க.

ஏழரை மணிக்கு ஹாஸ்டல்ல எனக்கு ஃபோன் வந்தது.

"என்னடி இது, எல்லார் மூஞ்சியும் நசுங்கிப் போயிருக்கு?"

"என்ன கமாண்ட் போட்டீங்க சித்தி?"

"எப்பவும் போடறதைத்தான் போட்டேன். அது ஒண்ணுமே சொல்லலையே."

"ஒரிஜினல் எங்கே இருக்கு?"னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. ஏன்னா பதில் எனக்குத் தெரியும். என் டூல் ஒரிஜினல் மேலேயே எழுதும். தனி ஃபோல்டர்ல சேவ் பண்ற மாதிரி எழுத இன்னும் நாலு வரி ஆகும்னு விட்டுட்டேன். பதினோரு பேரோட போட்டோ சப்பாத்தி மாதிரி ஆயிடுச்சு. உயரத்தைக் குறைச்சப்போ தூக்கிப் போட்ட விவரத்தை எந்த மென்பொருளாலயும் திரும்பக் கொண்டு வர முடியாது.

சித்தி உக்காந்து பதினோரு பேருக்கும் ஃபோன் பண்ணாங்க. எட்டு பேர் வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. ரெண்டு பேர் நேர்ல வந்தாங்க. ஒரு அக்காவோட ஃபோன் மட்டும் ஸ்விட்ச் ஆஃப். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர். சித்தப்பா பைக்கை எடுத்துட்டுப் போய், வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சு, ஒரு பாஸ்போர்ட் போட்டோவைச் சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டு வந்தாங்க. 11.59க்கு விண்டோ மூடும். 11.20க்குச் சப்மிட் ஆச்சு. நான் ஹாஸ்டல் மாடிப்படியில ஃபோனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என்னால செய்ய முடிஞ்சது அவ்வளவுதான்.

சித்தி என்னை ஒரு வார்த்தை திட்டல. மறுநாள்ல இருந்து பெயின்ட்டுக்குத் திரும்பிட்டாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்தது.

ஏன் அது பேசாம இருந்தது?

"சித்தி தப்பா டைப் பண்ணிட்டாங்க"ன்னு என் கிளாஸ்மேட்ஸ் சொன்னாங்க. முதல் ரெண்டு நாள் நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் இந்த அமைதி எங்கேயிருந்து வந்ததுன்னு தேடிப் படிச்சேன்.

1969ல பெல் லேப்ஸ்ல கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை ஆரம்பிச்சப்போ அவங்க கமாண்ட் அடிக்கப் பெரும்பாலும் பயன்படுத்தினது திரை இல்லை. டெலிடைப் மெஷின்தான். அதாவது டைப்ரைட்டர் மாதிரி பேப்பர்ல அடிக்கிற மெஷின். செகண்டுக்கு 10 எழுத்துதான் அடிக்கும். "உங்க வேலை வெற்றிகரமா முடிஞ்சது"ன்னு ஒவ்வொரு தடவையும் அடிச்சா மூணு நாலு செகண்டும் பேப்பரும் வீண். அதனாலதான் நிறைய கமாண்ட் பேர் ரெண்டே எழுத்து: எல்எஸ், சிபி, எம்வி. இன்னிக்கும் லினக்ஸ்ல டெர்மினலை டிடிஒய்னு சொல்றோமே, அது டெலிடைப்போட சுருக்கம்தான்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். 1973ல டக் மெக்கில்ராய் வற்புறுத்தி பைப்னு ஒரு விஷயம் வந்தது. ஒரு டூலோட வெளியீட்டை அப்படியே அடுத்த டூலுக்கு உள்ளீடாக் கொடுக்கலாம். நடுவுல ஒரு டூல் "ஹாய், முடிச்சுட்டேன்!"னு சொன்னா அடுத்த டூல் அதையும் டேட்டான்னு எடுத்துக்கும். அதனால பேசாம இருக்கிறதுதான் மரியாதை.

ஆக, அந்த அமைதிக்கு நல்ல காரணம் இருக்கு. ஆனா அது இன்னொரு புரோகிராமுக்குக் காட்டுற மரியாதை. கடையில பதினோரு பேர் வேலையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிற ஒருத்தருக்கு, அது பதில் சொல்லாம முகத்தைத் திருப்பிக்கிற மாதிரி.

பேச ஆரம்பிச்சா நிறுத்தல

தீபாவளி லீவுல ரெண்டாவது வெர்ஷன் எழுதினேன். இந்தத் தடவை டூல் பேசும். "எந்த ஃபோல்டர்?" "போட்டோவா, கையெழுத்தா?" "குறைந்தபட்சம் எத்தனை கேபி?" "அதிகபட்சம்?" "ஒரிஜினலை மாத்தலாமா?" "நிச்சயமா?" "ஆரம்பிக்கலாமா?" மொத்தம் ஏழு கேள்வி. வேலை நடக்கும்போது எத்தனை சதவீதம் முடிஞ்சதுன்னு ஒரு பட்டை ஓடும். பைதான்ல அதுக்கு டிக்யூடிஎம்னு ஒரு லைப்ரரி இருக்கு. முன்னேற்றம்னு பொருள்படுற ஓர் அரபிச் சொல்லுல இருந்து வந்த பேர் அது. பார்க்க அழகா இருந்தது.

சித்தியைக் கெஞ்சி ஒரு நாள் முழுக்க அதையே பயன்படுத்த வச்சேன். பக்கத்து நாற்காலியில உக்காந்து பார்த்தேன். முதல் கஸ்டமருக்கு ஏழு கேள்வியையும் படிச்சாங்க. மூணாவது ஆளுக்குக் கடைசி மூணைப் படிக்கல. மத்தியானத்துக்குள்ள திரையையே பார்க்காம ஒய், என்டர், ஒய், என்டர்னு கை தானா ஓடுது. அஞ்சாவது கேள்வியில தப்பா அடிச்சுட்டா பின்னாடி போக வழியில்லை, மூடிட்டு மறுபடி முதல்ல இருந்து வரணும். வரிசையில நின்ன ஒரு அண்ணன், "என்னக்கா, பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி இத்தனை கேள்வி கேக்குது"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், ஆனா உள்ளுக்குள்ள சுருக்குன்னு இருந்தது.

அப்போதான் புரிஞ்சது. "நிச்சயமா?"ன்னு கேக்கிறது பாதுகாப்பு கிடையாது. தினமும் நூறு தடவை கேட்டா அந்தக் கேள்விக்கு அர்த்தமே போயிடும். யூனிக்ஸ்ல எஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு. அதோட ஒரே வேலை, நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஒய், ஒய், ஒய்னு அச்சடிச்சுட்டே இருக்கிறது. கேள்வி கேக்கிற டூலோட அதை இணைச்சுட்டா எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டிடும். கேள்வியால சலிச்சுப்போறது என் சித்தி மட்டும் இல்லைன்னு தெரிஞ்சதும் கொஞ்சம் ஆறுதல்.

உண்மையான பாதுகாப்பு, தப்பு பண்ணாலும் திரும்பி வர முடியணும். அன்னிக்கு ராத்திரியே ஏழு கேள்வியையும் எடுத்துட்டு, ரெண்டு வருஷமா தள்ளிப்போட்ட அந்த நாலு வரியை எழுதினேன். ஒரிஜினலை இனி தொடவே தொடாது. புதுப் படம் தனி ஃபோல்டருக்குப் போகும்.

இன்னொரு பக்கமும் உதைச்சது

இத்தோட கதை முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா நடுவுல என் கிளாஸ்மேட் ஒருத்தன், எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஐடி கார்டு அடிக்க என் ஏழு கேள்வி வெர்ஷனை வாங்கிட்டுப் போயிருந்தான். முந்நூறு பேர் போட்டோ. ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ஓடுற மாதிரி தன்னோட புரோகிராமுக்குள்ள வச்சிருந்தான். காலையில பார்த்தா ஒரு போட்டோகூட ஆகல. முதல் கேள்வி கேட்டிருக்கு, பதில் சொல்ல அந்த நேரத்துல அங்கே யாரும் இல்லை, எரர் அடிச்சு நின்னுடுச்சு. கேள்வியை மட்டும் எடுத்துட்டு மறுபடி ஓட்டினா, லாக் ஃபைல் முழுக்க அந்த அழகான பட்டை, நூத்துக்கணக்கான துண்டா ஒட்டிக்கிட்டு இருந்தது. டெர்மினல்ல அது ஒரே வரி மேல திரும்பத் திரும்ப எழுதறதால நகர்ற மாதிரி தெரியும். ஃபைல்ல அத்தனையும் அப்படியே விழும்.

"உன் டூல் ஏன் இவ்வளவு பேசுது?"ன்னான். ஒருத்தருக்கு அது பேசல, இன்னொருத்தனுக்கு அது பேசுது. ரெண்டு பேர் சொல்றதும் நியாயம். கமாண்ட் லைன் டூலை எல்லாருக்கும் எளிதாக்குறது ஏன் கஷ்டம்னா இதனாலதான். ஒரே வாசல் வழியா மனுஷனும் வரான், மெஷினும் வருது. ஒருத்தருக்குப் பண்ற உபசாரம் இன்னொருத்தருக்கு உபத்திரவம்.

பெரிய ஆளுங்களும் இதுல மாட்டியிருக்காங்க. நாம தினமும் போடற எல்எஸ் கமாண்டையே பாருங்க. திரையில பத்தி பத்தியா அடுக்கிக் காட்டும். அதையே பைப்ல கொடுத்தா வரிக்கு ஒரு பேர். எதிரே இருக்கிறது டெர்மினலா இல்லையான்னு பார்த்துட்டு நடந்துக்குது. டெபியன்ல 2014ல ஆப்ட்னு புதுக் கமாண்டையே கொண்டு வந்தாங்க. அதுல பட்டை, கலர் எல்லாம் மனுஷனுக்கு. ஸ்கிரிப்ட் எழுதறவங்களுக்குப் பழைய ஆப்ட்-கெட் அப்படியே இருக்கு. புதுசை ஸ்கிரிப்டுக்குள்ள வச்சா, "என் பேச்சு மாறலாம், ஜாக்கிரதை"ங்கிற மாதிரி எச்சரிக்கையும் கொடுக்கும். கிட் டூலை எழுதினவங்க உள்வேலைக் கமாண்டுக்குக் குழாய் வேலைன்னும், நாம தொடற கமாண்டுக்குப் பீங்கான்னும் பேரே வச்சிருக்காங்க. வாஷ் பேசின் பளபளன்னு இருக்கணும், அடியில ஓடற குழாய் பளபளக்க வேண்டாம், ஒழுகாம இருந்தா போதும்.

ஒரே டூலுக்குள்ள எல்லாத்தையும் திணிச்சதுதான் என் தப்பு.

தமிழ்ல சொல்ல மாட்டியா?

சித்தி ஒரு நாள் கேட்டாங்க: "அது சொல்றதைத் தமிழ்ல சொல்ல வைக்க முடியாதா?" அதென்ன பெரிய விஷயம், பத்து வரியை மொழிபெயர்த்தா முடிஞ்சதுன்னு நினைச்சேன். கடை கம்ப்யூட்டரோட கமாண்ட் பிராம்ப்ட்ல எல்லா எழுத்தும் கட்டம் கட்டமா வந்தது. அந்த ஃபான்ட்ல தமிழே இல்லை. லேப்ல லினக்ஸ்ல பார்த்தேன். எழுத்து வந்தது, ஆனா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

காரணம், டெர்மினல் திரைங்கிறது சம அளவு கட்டம் போட்ட நோட்டு மாதிரி. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம்னு இங்கிலீஷை வச்சுக் கட்டினது. "தமிழ்"ங்கிறது நமக்கு மூணு எழுத்து. பைதான்கிட்ட நீளம் கேட்டா 5ன்னு சொல்லும், ஏன்னா கொக்கியையும் புள்ளியையும் யூனிகோட்ல தனித்தனியா எண்ணுது. யூடிஎஃப்-8ல அது 15 பைட். மூணா, அஞ்சா, பதினஞ்சா? எத்தனை கட்டம் ஒதுக்கணும்னு டெர்மினலுக்கே குழப்பம். இத்தனை வருஷம் இங்கிலீஷ்லயே படிச்ச எனக்கு இப்படி ஒரு பிரச்சினை இருக்குன்னே தெரியாது.

கடைசியில சித்திதான் வழி சொன்னாங்க. "வாட்ஸ்அப்ல அடிக்கிற மாதிரி இங்கிலீஷ் எழுத்துல தமிழ் போடேன்." போட்டேன். இப்ப வேலை முடிஞ்சா டூல் சொல்றது இதுதான்: முடிஞ்சுது, 11 போட்டோ ரெடி, பழசு பத்திரமா இருக்கு. அந்தக் கடைசித் தகவலைச் சித்தி கேட்டு வாங்கிச் சேர்த்தாங்க.

இப்போ

"இதுக்குப் பேசாம பட்டன் வச்சு ஒரு விண்டோ போட்டிருக்கலாமே"ன்னு நீங்க கேக்கலாம். அதையும் முயற்சி பண்ணேன். நாற்பது போட்டோ கொடுத்ததும் விண்டோ வெளிறிப்போய் "நாட் ரெஸ்பாண்டிங்"னு தலைப்புல வந்தது. பட்டன் இருந்தும் அதே ஊமைத்தனம்தான்.

இப்போ இருக்கிறது இப்படி. உள்ளே இருக்கிற டூல் பழையபடி அமைதியானது. கேள்வி கேக்காது, ஒரிஜினலைத் தொடாது, தப்புன்னா மட்டும் பேசும். என் கிளாஸ்மேட் அதை ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட்டிக்கலாம். சித்திக்காக டெஸ்க்டாப்ல ரெண்டு பேட்ச் ஃபைல்: ஒண்ணு போட்டோ, இன்னொண்ணு கையெழுத்து. ஃபோல்டரை இழுத்துட்டுப் போய் அதுமேல போட்டா போதும், விண்டோஸே ஃபோல்டரோட பாதையை அதுக்குக் கொடுத்துடும். டைப் பண்ண எதுவும் இல்லை, ஹைபன் எஸ் இல்லை. கடைசியில ஒரு பாஸ் கமாண்ட், அந்த மூணு தகவலையும் படிச்சு முடிக்கிற வரைக்கும் கறுப்பு ஜன்னல் காத்துட்டு நிக்கும். ரெண்டு ஃபைலும் சேர்ந்து பன்னிரண்டு வரி. மூணு வருஷத்துல நான் எழுதினதிலேயே அதிகம் பயன்பட்ட கோடு அதுதான். ரெஸ்யூமேல அதுக்கு இடம் இல்லை.

போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ சித்தி அதைத்தான் பயன்படுத்திட்டு இருந்தாங்க. நான் எதுவும் சொல்லாம பின்னாடி நின்னு பார்த்தேன். ஃபோல்டரை இழுத்துப் போட்டாங்க, ஜன்னல் வந்தது, படிச்சாங்க, மூடினாங்க. அப்புறம் புது ஃபோல்டரைத் திறந்து ரெண்டு போட்டோவைப் பெருசாக்கி முகம் சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வெப்சைட்டுக்குப் போனாங்க.

"இன்னும் நம்பிக்கை வரலையா சித்தி?"ன்னு கேட்டேன்.

"உன்மேல நம்பிக்கை இருக்குடி. போட்டோ அவங்களோடது இல்லையா, அதான் பார்க்கிறேன்"னாங்க.

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் டூல்ல ஒரு வரி சேர்த்தேன். முடிஞ்சதும் அந்தப் புது ஃபோல்டரை அதுவே திறந்து காட்டும்.